விசாரணைக்கு முன்பே தண்டனையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பாதுகாப்புச் சட்டங்களைப் பற்றி வாயைத் திறந்தாலே, 'அப்போ குண்டு வைப்பவனை விட்டுவிடச் சொல்கிறாயா' என்று கேட்கிறார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. வழக்கு நடத்துங்கள், நிரூபியுங்கள், தண்டனை வாங்கிக் கொடுங்கள். பயங்கரவாதத்துக்கு எதிராகப் பயன்படுத்தும் உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்தில் நடப்பது வேறு. அதன் 43டி(5) பிரிவுப்படி, போலீஸ் தரும் ஆவணங்களை வைத்து, குற்றச்சாட்டு முதல் பார்வையில் உண்மை போலத் தோன்றினாலே ஜாமீன் கிடையாது, 43டி(2) பிரிவுப்படி குற்றப்பத்திரிகைக்கே 180 நாள் வரை அவகாசம் நீட்டலாம், அப்புறம் விசாரணை எப்போது தொடங்கும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் உள்ளே கிடப்பவர் சட்டத்தின் கண்ணில் அதுவரை நிரபராதிதான்! பழங்குடியினர் உரிமைக்காகப் போராடிய பாதிரியார் ஸ்டேன் சுவாமி, மாவோயிஸ்டுகளோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டில், பார்க்கின்சன் நோயோடு 2020 அக்டோபரில் உபாவில் கைதானார். 2021 ஜூலையில், 84 வயதில், ஜாமீன் கிடைக்காமலே மருத்துவமனையில் இறந்தார். விசாரணை தொடங்கவேயில்லை. அவர்மீது சொன்னது உண்மையா பொய்யா என்பதை இனி எந்த நீதிமன்றம் அவரிடம் கேட்கும்?

இதற்கு முந்தைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களில் தடா 1995இல் காலாவதியானது, பொடா 2004இல் ரத்தானது, இரண்டுமே தவறாகப் பயன்படுத்தப்பட்டதாகப் பெரும் புகார் எழுந்த பிறகுதான். மேடையில் பேசியதற்காக வைகோ பொடாவில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. ஆனால் பொடாவின் பல பிரிவுகள் அதே 2004இல் உபாவுக்குள் வந்துவிட்டன. 2019 திருத்தத்துக்குப் பிறகு, நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமலே தனிநபரையும் பயங்கரவாதி என்று அரசு அறிவிக்கலாம். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இந்த அதிகாரத்தை விட மனம் வருவதில்லை, அதுதான் எனக்கு பயமாக இருக்கிறது.

நாடாளுமன்றம் 43டி(5) பிரிவை நீக்க வேண்டும். விசாரணைக்குக் காலக்கெடு வேண்டும். பல ஆண்டுகள் சிறையில் இருந்து விடுதலையாகிறவருக்கு அரசு கட்டாயம் இழப்பீடு தர வேண்டும்.

– ஒரு வாசகர்