பூசணத் திராட்சைச் சீமாட்டிக்கு

மதிப்பிற்குரிய ஃப்ரான்சுவாஸ் ஜோசஃபின் அம்மையாருக்கு,

வணக்கம். நீங்கள் கண்ணை மூடியது 1851-இல். இத்தனை காலம் கழித்து உங்களுக்கு எழுத வைத்தது ஓர் அரைப் புட்டி. நண்பர்கள் நாலு பேர் காசு போட்டு ஃப்ரான்ஸின் போர்தோ பகுதியில் இருக்கும் உங்கள் தோட்டத்து ஒயினை, அதுதான் ஷாத்தோ டிக்கெம், சுருக்கமாக இக்கெம், வாங்கினோம். ஆளுக்கு ஒரு டீ கிளாஸ் அளவுகூட முழுசாக வரவில்லை. புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கின் நிறம். நாக்கில் முதலில் தேன், அப்புறம் ஆப்ரிகாட், எல்லாம் போன பிறகு ஆரஞ்சுத் தோலின் லேசான கசப்பு. விலையைச் சொன்னால் வீட்டில் பிரச்சினை, அதனால் விடுங்கள்.

ஊற்றிக்கொடுத்த நண்பர் ஒரு கதை சொன்னார். 1847-இல் உங்கள் வீட்டு மார்க்கி, அதாவது பிரபு, ஒருவர் ரஷ்யாவுக்கு வேட்டையாடப் போனாராம். ‘நான் வரும்வரை திராட்சையில் கை வைக்காதீர்கள்’ என்றாராம். தாமதமாகத் திரும்பினால் எல்லாம் பூசணம். வேறு வழியில்லாமல் அதையே பிழிந்தார்களாம், இந்த அமுதம் பிறந்ததாம்.

கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. 1847-இல் தோட்டத்தை நடத்தியது நீங்கள். வயது 79. ஊர் சுற்றப் போனவர் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆளா நீங்கள்? அதைவிட முக்கியம், உங்கள் தோட்டம் இருக்கும் சோத்தெர்ன் பக்கம் அக்டோபர் நடுவுக்கு முன்னால் அறுக்கும் வழக்கம் இல்லை என்று உங்கள் முன்னோர் காலத்து 1666-ஆம் வருஷப் பத்திரமே சொல்கிறது. தாமதம் விபத்து இல்லை, குடும்பத் தொழில். ஆனால் 1847 ஒயின் மட்டும் நிஜமாகவே பேர் வாங்கியது. 1859-இல் ரஷ்ய இளவரசர் கான்ஸ்டன்டீன் 900 லிட்டருக்கு 20,000 தங்க ஃப்ராங்க் கொடுத்தார்.

அந்தப் பூசணத்தைப் பற்றி உங்களிடம் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். இருந்தாலும் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சிரோன் ஓடையின் குளிர்ந்த நீர் கொஞ்சம் வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் சேரும் இடத்தில், இலையுதிர்காலக் காலையில் மூடுபனி கிளம்புகிறது. அந்த ஈரத்தில் போட்ரிட்டிஸ் என்ற பூஞ்சை பழத்தோலைத் துளைக்கிறது. மத்தியானம் வெயில் அடித்தால் பழத்திலிருக்கும் தண்ணீர் வற்றி, சர்க்கரை மட்டும் கெட்டியாகத் தங்குகிறது. வெயில் வராமல் மழை பிடித்துக்கொண்டால் அதே பூஞ்சை பழத்தை நாசமாக்கிவிடும். நல்ல பழம் பார்க்க அருவருப்பாக இருக்கும்: ஊதாவும் பழுப்புமாகச் சுருங்கி, மேலே சாம்பல் தூவியது போல. ஒரே குலையில் ஒன்று இப்படி இருக்கும், பக்கத்தில் இருப்பது தளதளவென்று இருக்கும். அதனால் ஆட்கள் சின்னக் கத்தரியோடு ஐந்தாறு தடவையாவது திரும்பத் திரும்ப அதே வரிசையில் நடக்கிறார்கள். ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின், அவ்வளவுதான்.

17 வயதில் கல்யாணம். மூன்றே வருஷத்தில், 1788-இல், கணவர் குதிரையிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் பிரெஞ்சுப் புரட்சி. இரண்டு தடவை உங்களைச் சிறையில் தள்ளினார்கள். தலையும் தப்பியது, தோட்டமும் தப்பியது. இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் 1790-இல் அமெரிக்காவிலிருந்து, பின்னாளில் அந்நாட்டு அதிபரான தாமஸ் ஜெஃபர்சனின் ஆர்டர்: ஜார்ஜ் வாஷிங்டனுக்கு 30 டஜன், தனக்கு 10 டஜன். இன்று இக்கெம் என்றால் ஜெஃபர்சன் பெயரைச் சொல்லாதவர் இல்லை. அந்தச் சமயத்தில் தோட்டம் யார் கையில் இருந்தது என்று கேட்பவர்தான் இல்லை. 1826-இல் நீங்கள் கட்டிய பெரிய ஒயின் கிடங்கைப் பற்றியும் பேச்சில்லை.

நீங்கள் போன பிறகு நடந்தது சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். 1855-இல் போர்தோ ஒயின்களுக்குப் போட்ட தரப்பட்டியலில் ‘முதல் தரத்துக்கும் மேல்’ என்று தனி வரிசை போட்டு, அதில் உங்கள் ஒயினை மட்டும் வைத்தார்கள். நாலு வருஷம் பிந்திவிட்டது. பழம் சரியில்லாத வருஷத்தில் அந்தப் பெயரில் ஒயினே வெளிவருவதில்லை. 20-ஆம் நூற்றாண்டில் அப்படி 9 வருஷம், பிறகு 2012-உம். பெயரை விற்றுப் பிழைக்கும் காலத்தில் இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

1996-இல் எல்விஎம்எச் என்ற பெரிய ஆடம்பரப் பொருள் நிறுவனம் சொத்தின் பெரும்பங்கை வாங்கியது. உங்கள் வழிவந்த அலெக்சாந்த்ர் 1999 வரை மல்லுக்கு நின்றுவிட்டுச் சமாதானமானார். அதன் பிறகு லேபிளும் மாறியது. முன்பெல்லாம் இக்கெமுக்குக் கீழே ‘லூர்-சலூஸ்’ என்று உங்கள் கணவர் குடும்பப் பெயர் இருக்கும். இப்போது அந்த இடத்தில் ‘சோத்தெர்ன்’ என்று ஊர்ப் பெயர். புகுந்த வீட்டுப் பெயர் போய்விட்டது அம்மா. பிறந்த வீட்டுப் பெயர், இக்கெம், அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
காலிப் புட்டியைக் கழுவ மனமில்லாத ஒருவன்