அவசர வழிகளை முன்னறிவிப்பின்றிச் சோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தீத்தடுப்புச் சாதனங்களைப் பொருத்திப் பராமரிக்கும் தொழில்நுட்பப் பணியாளர்கள்

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
தீயணைப்புத் துறை

பொருள்: மக்கள் கூடும் கட்டடங்களில் அவசர வழிகளை நேரில் சோதிப்பது, உயிர்ச்சேதமில்லாத சம்பவங்களையும் பதிவு செய்வது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 1903-இல் சிகாகோவின் இராக்வா தியேட்டர் தீயில் 602 பேர் இறந்தார்கள். பழகாத தாழ்ப்பாள்கள், திரைச்சீலை மறைத்த வழிகள், உள்பக்கம் திறக்கும் கதவுகள். அதற்குப் பிறகுதான், தள்ளினாலே கதவு திறந்துகொள்ளும் குறுக்குத் தண்டான பேனிக் பார் அமெரிக்காவில் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. ஆனாலும் 1911-இல் நியூயார்க் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 9-ஆம் தளத்துக் கதவு பூட்டியிருந்தது, இறந்தவர்கள் 146. 1942-இல் பாஸ்டன் கோகோநட் குரோவ் இரவு கேளிக்கை விடுதியில் சுழல்கதவு அடைத்துக்கொண்டது; இறந்தவர்கள் 492. கும்பகோணத்தில் 2004-இல் 94 குழந்தைகள் இறந்த பிறகே பள்ளிக் கீற்றுக் கூரைகள் மீது அரசின் பார்வை திரும்பியது. கீற்று தீப்பிடிக்கும் என்பது அதற்கு முந்தின நாளும் தெரிந்த விஷயம்தான்.

ஆக, குறை அறிவில் இல்லை. உயிர் போனால் கோப்பு திறக்கிறது. புகை மட்டும் வந்து அடங்கினால் ஊழியர்கள் பெருக்கித் துடைத்துவிட்டு மறுநாள் வேலைக்கு வருகிறார்கள். எங்கும் ஒரு வரி எழுதப்படுவதில்லை.

தேதி சொல்லிவிட்டு வரும் ஆய்வில் உண்மை நிலை தெரியாது. அன்று மட்டும் படிக்கட்டில் அட்டைப்பெட்டி இருக்காது. சுவரில் சான்றிதழ் பளபளக்கும். மறுநாள் அதன் கீழேயே கதவில் சங்கிலி ஏறும். உள்பக்கம் திறக்கும் கதவோ இன்னும் மோசம். பின்னாலிருந்து கூட்டம் நெருக்கும்போது, முன்னால் நிற்பவருக்குக் கதவை இழுக்க ஓரடி இடம்கூட இருக்காது. அவசர விளக்கின் பொத்தானை அழுத்தினால் எரியும்; பேட்டரி நைந்திருந்தால் மின்சாரம் போன சில நிமிடங்களில் அணைந்துவிடும். தூசியாலும் சமையல் ஆவியாலும் அடிக்கடி அலறுகிறது என்று புகை உணரியையே கழற்றி வைத்திருப்பதும் உண்டு. அதை இடம் மாற்றிப் பொருத்தினால் போதும்.

எனவே, கூட்டம் உள்ள நேரத்தில் முன்னறிவிப்பின்றி ஆய்வு நடக்க வேண்டும். ஆய்வாளர் ஒவ்வொரு அவசரக் கதவையும் சாவியில்லாமல் தம் கையால் தள்ளித் திறந்து பார்க்க வேண்டும். திறக்காத கதவு இருந்தால், அது சரியாகும்வரை அந்தக் கூடத்தில் ஆள் நுழையக் கூடாது. திருட்டுக்குப் பயந்து பூட்டுகிறோம் என்பார்கள். திறந்தால் ஒலிக்கும் சைரனைக் கதவில் பொருத்தினால் திருட்டும் தெரியும், வழியும் திறந்திருக்கும். விளக்குகளை ஆண்டுக்கொரு முறை மின் இணைப்பைத் துண்டித்து 90 நிமிடம் எரியவிட்டுப் பார்க்க வேண்டும்.

இவற்றைவிட முக்கியமாக நாங்கள் கேட்பது ஒரு பதிவேடு. சிறு தீ, திறக்காத கதவு, கழற்றிய உணரி என எதையும் யாரும் பெயர் சொல்லாமல் தெரிவிக்க வழி வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பதிவு எண்ணும், 15 நாளில் எடுத்த நடவடிக்கையும் பொதுப்பார்வையில் இருக்க வேண்டும். "நடவடிக்கை தேவையில்லை" என்று முடிவு செய்தால் காரணத்தை எழுதி, அதிகாரி கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து இன்று யாரிடமும் கேட்கப்படுவதில்லை.

சோதனைப் படிவத்தின் மாதிரியை இணைத்துள்ளோம். ஆய்வுக் குழுவுக்குச் செய்முறைப் பயிற்சி தரவும் தயாராக இருக்கிறோம். ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

இணைப்பு: அவசர வழிச் சோதனைப் படிவம் – 1