முப்பது பேர் நின்றோம், ஒருவர்கூட அழைக்கவில்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீதியில் அடிபட்டுக் கிடந்தவரைச் சனம் சூழ நின்று போனில் படம் பிடித்ததைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். மனிதம் செத்துவிட்டது என்று அதில் எழுதியிருந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அப்படிச் சூழ நின்றவர்களில் ஒருவனாக நானும் இருந்திருக்கிறேன். அது வேறொரு நாள், வேறொரு இடம். அன்று எனக்குள் என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும் என்று தோன்றியது.

போன வருடம் ஐப்பசியில், மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் நடந்தது. மம்மல் நேரம், மழை விட்டிருந்தது. மழைக்காலத்தில் மாடுகள் தாரில் ஏறிப் படுப்பது ஏ9 வீதியால் போய்வருகிற எல்லோருக்கும் தெரியும். காட்டுக்கரை ஈரமாகிவிடும், தார் சூடாக இருக்கும். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பொடியன் மாட்டோடு மோதிவிட்டான். நான் போய் இறங்கும்போது பத்துப் பேர் நின்றார்கள். ஒரு வான் நின்றது, பிறகு பஸ் ஒன்றும் வந்து நின்றது. சொற்ப நேரத்தில் முப்பது பேர் ஆகிவிட்டோம்.

பொடியன் ஒருக்களித்துக் கிடந்தான். ஒரு கால் செருப்பைக் காணவில்லை. விழுந்து கிடந்த சைக்கிளின் சிக்னல் லைட் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. நான் அந்த லைட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். போன் சேட்டுப் பையில்தான் இருந்தது. கையும் பைக்குப் போனது. 'எனக்கு முதல் வந்த இத்தனை பேரில் ஒருவராவது அழைத்திருப்பார்தானே' என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர்களின் முகத்தைப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் பதற்றம் இல்லை. அப்படியென்றால் ஆம்புலன்ஸ் வருகிறது போல என்று எண்ணினேன். அவர்களும் என் முகத்தைப் பார்த்து அப்படியே எண்ணியிருக்கிறார்கள்.

பஸ்ஸிலிருந்து ஓர் அம்மா இறங்கி வந்தார். நடுத்தர வயது, கையில் உமல் பை. சனத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவர், யாரையும் திட்டவில்லை. விரலை நீட்டிச் சொன்னார்: "பச்சைச் சேட்டுப் போட்ட தம்பி, நீ 1990 ஆம்புலன்ஸுக்கு அடி. இப்பவே அடி. ஐயா, நீங்கள் டோர்ச்சைக் கொண்டுபோய் வளைவில நில்லுங்கோ, வாகனம் வந்து ஏறப்போகுது." அந்த ஐயா நான்தான். கட்டவிழ்த்து விட்டதுபோல ஓடினேன். இன்னும் இரண்டு பேர் மாட்டைத் துரத்தினார்கள். வானில் வந்தவர் துவாய் எடுத்து வந்தார். ஆம்புலன்ஸ் போன பிறகு பச்சைச் சேட்டுத் தம்பி என்னிடம் சொன்னான்: "அண்ணை, நான் முதலே அடிக்க நினைச்சனான். ஆரோ அடிச்சிருப்பினம் எண்டு விட்டிட்டன்." மற்றவர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். அந்த அம்மா வரும்வரை ஒருவர்கூட அழைத்திருக்கவில்லை. பொடியன் பிழைத்துவிட்டான், காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள்.

பிறகு இதைப் பற்றித் தேடி வாசித்தேன். 1968இல் நியூயோர்க்கில் லட்டானே, டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஓர் அறையில் மாணவர்களை இருத்திப் படிவம் நிரப்பச் சொல்லிவிட்டு, சுவர்த் துவாரத்தால் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 வீதமானோர் எழுந்து போய்ச் சொன்னார்கள். ஒன்றும் நடக்காததுபோல இருக்கும்படி ஏற்கெனவே சொல்லிவைத்த இரண்டு பேரைப் பக்கத்தில் இருத்தியபோது, சொன்னவர்கள் 10 வீதம் மட்டுமே. மற்றவர்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், தொடர்ந்து எழுதினார்கள். அவர்களை நெஞ்சில் ஈரமில்லாதவர்கள் என்று சொல்ல முடியுமா? புகை அவர்கள் கண்ணிலும்தானே ஏறியது.

வீதியில் மட்டுமென்றால் இத்தோடு விட்டிருப்பேன். நான் வெள்ளாமை செய்கிறவன். சிறுபோகத்துக்கு, அதாவது குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்கிற கோடைகால நெற்செய்கைக்கு, எவ்வளவு விதைப்பது என்று முடிவெடுக்கிற எங்கள் குளத்தின் கூட்டத்தில் இதே முகங்களை, இதே மௌனத்தை வருடாவருடம் பார்க்கிறேன். ஒரு முறை குளத்தில் தண்ணீர் குறைவு. முழு வயலும் விதைத்தால் கடைசி வாய்க்காலுக்குப் பாயாது என்று மண்டபத்துக்குள் வரும்போதே பலரும் தங்களுக்குள் கதைத்தார்கள். உள்ளே, முன்வரிசையில் இருந்த சிலர் முழுவதும் விதைப்போம் என்று கையை உயர்த்தினார்கள். அடுத்த வரிசை உயர்த்தியது. அதற்குப் பின்னால் இருந்தவர்களும் உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன். கதிர் தள்ளுகிற நேரத்தில் கடைசி வாய்க்கால்காரரின் வயல் கருகிப் போனது. அப்புறம் தேத்தண்ணிக் கடையில் ஒவ்வொருவரும் சொன்னார்கள், எனக்கு அப்பவே தெரியும் என்று. எல்லோருக்கும் தெரிந்திருந்தும் ஒரு வாய் திறக்கவில்லை.

இதையும் பரிசோதித்திருக்கிறார்கள். 1951இல் சொலமன் ஆஷ் என்பவர் கோடுகளைக் காட்டி, எது ஒரே நீளம் என்று கேட்டார். சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் கூட இருந்த ஆட்களை ஒன்றாகப் பிழையான பதிலைச் சொல்ல வைத்தபோது, சோதிக்கப்பட்டவர்களில் நாலில் மூன்று பேர் ஒரு முறையாவது அந்தப் பிழைக்கு ஒத்துப்போனார்கள். ஒரேயொரு ஆள் சரியான பதிலைச் சொன்னாலே போதும், அந்த இழுபாடு வெகுவாகக் குறைந்துவிட்டது. அன்று எங்கள் மண்டபத்தில் இல்லாமல் போனது அந்த ஒரு ஆள்தான்.

வன்னிச் சனத்துக்கு இதில் இன்னொரு பாரமும் உண்டு. கூட்டத்தில் எழும்பி மாறிக் கதைத்தால் என்ன நடக்குமோ என்ற பயத்தோடு வருடக்கணக்காக வாழ்ந்தவர்கள் நாங்கள். 2009இல் போர் முடிந்தபோது இடம்பெயர்ந்து இருந்த செட்டிகுளம் முகாம்களில், தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் வரிசையில் நின்ற நாட்களில், முன்னால் நிற்பவர் செய்வதையே செய்வதுதான் பாதுகாப்பு என்று உடம்பு பழகிவிட்டது. அதை மறக்க வைப்பது லேசான காரியமில்லை. எங்கள் பிள்ளைகளும் அதைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

வாய்க்கால் துப்புரவும் அப்படித்தான். ஐம்பது பேர் சிரமதானத்துக்கு வந்தால் இருபது பேரின் வேலைதான் நடக்கும். கயிறு இழுக்கும்போது எட்டுப் பேர் சேர்ந்தால் ஒருவரின் பங்கு அவர் தனியே இழுப்பதில் பாதியளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று பிரான்ஸ் நாட்டு விவசாயப் பொறியியலாளர் ரிங்கெல்மான் 1913இலேயே அளந்து எழுதியிருக்கிறார். என் அப்புவின் காலத்தில், குளத்துத் தண்ணீரையும் வாய்க்காலையும் மேற்பார்க்கிற வட்டவிதானையார் தடியால் அளந்து, இது உன் பங்கு, அது அவன் பங்கு என்று பிரித்துக் கொடுப்பாராம். பங்கு மிச்சம் கிடந்தால் யாருடையது என்று ஊருக்கே தெரியும்.

கூட்டம் என்றாலே கெடுதல் என்று நான் சொல்லவரவில்லை. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது, எங்கள் பக்கத்துப் பொடியன்கள் உழவு இயந்திரத்தில் போய்ச் சனத்தை ஏற்றி வந்ததைக் கண்ணால் கண்டேன். தனியாக என்றால் அவர்களில் பாதிப் பேர் அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்க மாட்டார்கள். ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய நகரங்களின் வீதிக் கமராக்களில் பதிவான 219 சண்டைகளைப் பார்த்து 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பத்தில் ஒன்பது தடவை யாரோ ஒருவராவது தலையிட்டார் என்று காட்டியது. ஆள் கூடக் கூட அந்த ஒருவர் இருக்கும் வாய்ப்பும் கூடியது. முதல் அடி வைக்கிற ஆள் வந்துவிட்டால் மற்றவர்கள் பின்னால் வருகிறார்கள். மாங்குளத்து வீதியில் நானே அப்படித்தான் ஓடினேன்.

அடுத்த சிறுபோகக் கூட்டத்தில் கையுயர்த்தச் சொல்லாமல், முதலில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுக் கடதாசி கொடுத்து எழுதி வாங்கும்படி எங்கள் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றார். அவர் சம்மதிக்காவிட்டால் நான் எழும்பிச் சொல்வேன். குரல் நடுங்கும்தான், பரவாயில்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். 1990 இலவச ஆம்புலன்ஸ் சேவை வடக்குக்கு வந்தது 2018இல். இலக்கம் பலருக்கும் தெரியும், கூட்டத்துக்குள் நிற்கும்போதுதான் அதற்கு அடிக்கக் கை வருவதில்லை. விபத்துச் செய்தி போடும்போதெல்லாம் பக்கத்தில் சிறிய பெட்டி ஒன்றில் அந்த இலக்கத்தைப் போடுங்கள். அதற்குக் கீழே, 'யாராவது அழையுங்கள் என்று கத்தாதீர்கள், ஒருவரைச் சுட்டிக்காட்டி அவரை அழைக்கச் சொல்லுங்கள்' என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கமக்காரர் ஒருவர்,
கிளிநொச்சி மாவட்டம்.