இரண்டா, இருபதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதை பேசிப் பகடை உருட்டும் விளையாட்டைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை பார்த்ததும் எங்களுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. ஓசூரில் நாங்கள் ஆறு பேர் மாதம் இரண்டு ஞாயிறு ஆடுகிறோம். நான் காவேரிப்பட்டணத்திலிருந்து பஸ் ஏறிப் போகிறவன். ஆனால் கட்டுரையில் சொற்களுக்குக் கொடுத்த விளக்கம் விதிப்புத்தகத்தின் எந்தப் பதிப்புக்கு உரியது என்று எங்குமே இல்லை. அதுதான் இந்தக் கடிதம்.

போன மாதம் பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி புதிதாக வந்தான். பெங்களூரில் பழைய புத்தகக் கடையில் கிடைத்த விதிப்புத்தகத்தைப் பார்த்து, கோடு போட்ட நோட்டுத் தாளில் ஆட்டத்தில் தான் ஏற்கும் கேரக்டரை அழகாக எழுதி எடுத்து வந்திருந்தான். உடம்பெல்லாம் இரும்புக் கவசம், கையில் கேடயம், ஏசி (ஆர்மர் கிளாஸ், அடியிலிருந்து எவ்வளவு காப்பு என்று சொல்லும் எண்) கட்டத்தில் 2. எல்லாரும் சிரித்துவிட்டோம். இன்றைய கணக்கில் வெறும் சட்டையோடு நிற்கிறவனுக்கே 10 உண்டு. பையன் முகம் வாடிவிட்டது. தப்பு அவனுடையது இல்லை. அந்தப் புத்தகம் வந்த காலத்தில் ஏசி குறையக் குறையத்தான் காப்பு அதிகம். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு அதைத் தலைகீழாகத் திருப்பியது. கடைசியில் 2-க்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு பூஜ்யம் சேர்த்தான், கணக்கு சரியாகிவிட்டது. உங்கள் கட்டுரையோ 'ஏசி குறைந்தால் நல்லது' என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே இரும்புக் கவசத்துக்கு 18 என்கிறது. படிக்கிற புதியவர் என்ன செய்வார்?

இன்னொன்று. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த இந்த விளையாட்டின் முதல் பெட்டியின் அட்டையில் 'ரோல் பிளேயிங்' என்ற சொல்லே கிடையாது. போர் விளையாட்டு விதிகள் என்றுதான் போட்டிருந்தது. ஆட்டத்தை நடத்துபவருக்குப் பெயர் ரெஃப்ரீ. டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) என்பது அப்புறம் வந்தது. அதை நீங்கள் 'நிலவறைத் தலைவன்' ஆக்கியிருக்கிறீர்கள், ஏதோ ஜெயில் அதிகாரி மாதிரி! எங்கள் பக்கம் கூத்து ஜமாவை நடத்துகிறவரை வாத்தியார் என்பார்கள். கேலியாக ஆரம்பித்து, இப்போது எங்கள் மேசையிலும் அதுவே நிலைத்துவிட்டது. ரோல் பிளேயிங்கை 'வேடம் கட்டி ஆடும் ஆட்டம்' என்று நீங்கள் எழுதியதுதான் சிக்கல். அரிதாரம் எங்கே பூசுவீர்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். நாங்கள் பூசுவது இல்லை, உட்கார்ந்து பேசுகிறோம், பகடை உருட்டுகிறோம், அவ்வளவுதான்.

கேரக்டர் மனிதனா, எல்ஃபா என்று குறிக்கும் சொல்லாக இருந்த 'ரேஸ்' போய், 2024 விதிப்புத்தகத்தில் 'ஸ்பீஷிஸ்' வந்தது. நல்ல மாற்றம் என்பது என் கட்சி. எங்கள் மேசையிலேயே இருவர் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் நீங்கள் இரண்டையும் 'இனம்' என்றே எழுதினால், என்ன மாறியது என்றே தெரியாமல் போகிறது. பள்ளிப் பாடநூலில் 'சிற்றினம்' இருக்கிறதே, அதைப் போடலாமே.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வரும் ஞாயிறு என்று அறிவித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் பதிப்பின் ஆண்டை மட்டுமாவது சேர்த்துவிடுங்கள்.

தங்கள் வாசகர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்