கப்பியில் எது சின்னது?

அன்புள்ள கதிருக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே நான் ஓய்வு பெற்றாலும் பிள்ளைகள் விடுவதாயில்லை. சாயங்காலமானால் யாராவது சந்தேகத்தோடு வந்துவிடுகிறார்கள்.

கப்பிக்கும் நூலுக்கும் நிறையே இல்லை என்று பாடத்தில் எப்படி வைத்துக்கொள்ளலாம் என்று உன் பேத்தி கேட்டனுப்பியிருக்கிறாளே, அந்தக் கேள்வியை நாம் அந்த வயதில் கேட்கவே இல்லையே! நிறையற்ற கப்பி, நிறையற்ற நூல் என்று அப்படியே ஒப்பித்தோம். ஒரு நிறை சின்னதா என்று கேட்டால், எதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாய் என்று திருப்பிக் கேட்கச் சொல்.

கப்பிமேல் போட்ட நூலின் ஒரு முனையில் 105 கிராம் பாரம், மறுமுனையில் 100 தொங்குகிறது என்று வை. இழுப்பது வெறும் 5 கிராமின் எடை; நகர வேண்டியது 205 கிராம். கப்பி 10 கிராம் வட்டத்தட்டு என்றால் அதில் பாதிதான் நகரும் நிறையோடு சேரும். 205 என்பது 210 ஆகும், அவ்வளவுதான். முடுக்கம் 0.239 மீ/வி²-லிருந்து 0.233 ஆகும். கையால் அமுக்கும் ஸ்டாப்வாட்சில் அது தெரியவே தெரியாது. தாராளமாக விட்டுவிடலாம்.

நூல்தான் ஏமாற்றும். போன வாரம் ஒரு பையன் இதே சோதனையின் வரைபடத்தோடு வந்தான். திசைவேகக் கோடு நேராகப் போகாமல் மேலே வளைந்திருந்தது. தப்பாக அளந்துவிட்டோம் என்று பாவம், அழாத குறை. நூலை வாங்கித் தராசில் வைத்தேன்: 2 மீட்டர், 2 கிராம். 205-க்குப் பக்கத்தில் அது ஒன்றுமேயில்லை. ஆனால் இரண்டு பாரமும் சமமாக நிற்கும் நடுமட்டத்திலிருந்து கனமான பாரம் அரை மீட்டர் இறங்கினால் அந்தப் பக்கத்து நூல் மறுபக்கத்தைவிட ஒரு மீட்டர் கூடுதலாகத் தொங்கும். இழுக்கும் 5 கிராம் 6 ஆகிவிடும். அரை மீட்டர் மேலே இருந்தபோது அதுவே 4! அவன் சரியாகத்தான் அளந்திருக்கிறான்.

அச்சின் உராய்வும் அந்த 5 கிராமோடுதான் மோதுகிறது. இதே மாதிரி இரண்டு பாரம் தொங்கும் தன் கப்பிக் கருவியைப் பற்றி 1784-இல் புத்தகம் எழுதிய ஆங்கிலேய அறிஞர் ஜார்ஜ் அட்வுட், கப்பியின் அச்சை நான்கு சிறு சக்கரங்கள்மேல் உட்கார வைத்ததும் அதனால்தான்.

நூலுக்கு வழி இருக்கிறது. அதே நூலில் இன்னொரு துண்டை இரண்டு பாரங்களுக்கும் அடியில் வளையமாகக் கட்டினால் எந்த நிலையிலும் இரு பக்க நீளமும் சமம். தரையில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பையன் கட்டினான், கோடு நேரானது. உன் பேத்தியும் கட்டிப் பார்க்கட்டும். அப்புறம் இரண்டு வரைபடங்களையும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
செல்வம்