டெரன்ஸ் டிக்ஸ் பற்றி நண்பனுக்கு ஒரு கடிதம்

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் வந்தது. மகள் ஆசைப்பட்ட பாடத்திலேயே கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது. இங்கே எல்லோரும் நலம். பையனுக்கு இந்த வருஷம்தான் படிப்பில் ஒரு பிடிப்பு வந்திருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சரி, நீ கேட்ட விஷயம். சிறுவர்களுக்கான அந்த விண்வெளித் தொடரைப் புத்தகமாக எழுதித் தரச் சொல்லி உன்னைக் கேட்டிருக்கிறார்கள். நீயோ இன்னும் பதில் சொல்லவில்லை. "அடுத்தவன் யோசித்த கதையை நான் உட்கார்ந்து எழுதுவதா?" என்று கேட்டிருக்கிறாய். ஒப்புக்கொள் என்பதுதான் என் பதில். வெறும் காசுக்காகச் சொல்லவில்லை. இதே வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்த ஒருவரின் புத்தகங்களைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவரைப் பற்றி உனக்கு எழுதியே ஆக வேண்டும்.

டெரன்ஸ் டிக்ஸ் என்று பெயர். 1935-இல் இதே ஈஸ்ட் ஹாமில் பிறந்தவர். இன்றைக்கு இங்கே ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடந்தால் இட்லிக் கடையும் நகைக்கடையும் கோயிலுமாக நம் ஊர் போலவே இருக்கும். அவர் பிறந்தபோது இது லண்டனில்கூட சேரவில்லை, எசெக்ஸ் கவுண்டிக்குள் இருந்தது. கேம்பிரிட்ஜில் டவுனிங் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தார். கட்டாய ராணுவ சேவையை முடித்துவிட்டு சில வருஷம் விளம்பரக் கம்பெனியில் வாசகம் எழுதினார். அப்புறம் வானொலி, அப்புறம் தொலைக்காட்சி. இலக்கியம் படித்துவிட்டு சோப்பு விற்கிற வாசகம் எழுதுவதை அவர் இழிவாக நினைத்ததாகத் தெரியவில்லை. குறைந்த சொல்லில் நிறைய சொல்லும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடர் உனக்குப் பெயரளவிலாவது தெரிந்திருக்கும். 1963-இல் தொடங்கியது. நீல நிறப் போலீஸ் பெட்டி ஒன்றில் ஏறிக் காலத்திலும் விண்வெளியிலும் சுற்றும் ஒரு விசித்திர மனிதரின் கதை. நடிகர் மாறும்போது அந்தப் பாத்திரமே உடல் மாறி வேறு முகத்தோடு எழுந்து வரும். 1968-இல் டிக்ஸ் அதில் ஸ்கிரிப்ட் பிரிவில் சேர்ந்து, சீக்கிரமே ஸ்கிரிப்ட் எடிட்டர் ஆகி, 1974 வரை இருந்தார். எழுத்தாளர்களைப் பிடிப்பது, கதையைச் செப்பனிடுவது, வந்த கதை தேறவில்லை என்றால் எப்படியாவது இன்னொன்றை ஏற்பாடு செய்வது, இதுதான் அந்த வேலை. 1969-இல் அப்படித்தான் இரண்டு கதைகள் கைவிட்டுப் போயின. மொத்தம் பத்து வாரத்துக்குக் கதை வேண்டும். டிக்ஸும் அவருடைய நண்பர் மால்கம் ஹல்க்கும் சேர்ந்து உட்கார்ந்து பத்துப் பகுதிகளையும் எழுதினார்கள். டாக்டர் யார், எந்த இனத்தைச் சேர்ந்தவர் என்பது ஆறு வருஷம் மர்மமாக இருந்தது. அந்த இனத்தாரான 'டைம் லார்ட்ஸ்' முதல்முறை திரைக்கு வந்தது இந்த அவசரக் கதையில்தான். ஐம்பது வருஷத்துக்கு மேலாக அந்தத் தொடர் அதை வைத்துப் பிழைக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது புத்தகங்களைப் பற்றி. அன்றைய நிலைமையை நீ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை மாலை ஒரு பகுதி வரும். பார்த்தால் பார்த்ததுதான். மறுஒளிபரப்பு அபூர்வம், வீட்டில் வீடியோ கிடையாது. டாக்டர் ஹூ கதை ஒன்று வீடியோ கேசட்டாக முதன்முதலில் விற்பனைக்கு வந்ததே 1983-இல்தான். அதைவிடக் கொடுமை, பிபிசி பழைய நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்திவந்தது. அறுபதுகளின் டாக்டர் ஹூ பகுதிகளில் 90-க்கு மேற்பட்டவை இன்றுவரை கிடைக்கவில்லை. ஆக, காய்ச்சலில் படுத்து ஒரு வாரம் தவறவிட்ட பிள்ளைக்கும், தான் பிறப்பதற்கு முன்னால் வந்த கதையைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட பிள்ளைக்கும் புத்தகத்தைத் தவிர வேறு வழியே இல்லை.

1973-இல் டார்கெட் என்ற பதிப்பகம் அறுபதுகளில் வந்திருந்த மூன்று டாக்டர் ஹூ நாவல்களை மலிவுப் பதிப்பாகப் போட்டது. நன்றாக விற்றன. இன்னும் வேண்டும் என்று பிபிசியில் கேட்டபோது, நானே ஒன்று எழுதுகிறேன் என்று டிக்ஸ் முன்வந்தார். அந்த முதல் நாவல் 1974 ஜனவரியில் வந்தது. அப்போது அவருக்கு வயது 38. அதற்கு முன் நாவல் எழுதியதே இல்லை. தொடங்கிய பிறகு நிறுத்தவில்லை. 1990 வரை டார்கெட்டுக்கு மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட டாக்டர் ஹூ புத்தகங்கள் எழுதினார். எழுபதுகளின் பிற்பாதியில் ஏறக்குறைய மாதம் ஒன்று என்ற கணக்கில் எழுதிய காலமும் உண்டு.

அந்த முதல் புத்தகத்தை நீ படிக்க வேண்டும். பிளாஸ்டிக் பொம்மைகளுக்கு உயிர் கொடுத்து பூமியைப் பிடிக்க வரும் ஒரு வேற்றுக்கிரக சக்தியின் கதை. ராபர்ட் ஹோம்ஸ் எழுதி 1970-இல் ஒளிபரப்பானது. புத்தகத்தில் டிக்ஸ் அதை எங்கே தொடங்குகிறார் தெரியுமா? முந்தைய கதையின் முடிவில். டாக்டரை அவருடைய இனத்தாரே விசாரித்து பூமிக்கு நாடு கடத்துகிறார்கள். அதை முன்கதையாக வைத்துவிட்டால் எதையும் பார்க்காத ஒரு பிள்ளையும் கதைக்குள் நுழைந்துவிடலாம். கடைசியில் வரும் ராட்சதப் பிராணி, தொலைக்காட்சியில் நடிகரின் கழுத்தைச் சுற்றிய நாலைந்து ரப்பர் கைகள்தான், பட்ஜெட் அவ்வளவுதான். புத்தகத்தில் அது சிலந்தியும் நண்டும் ஆக்டோபஸும் கலந்த மலை போன்ற உருவமாக எழுந்து நிற்கிறது. காகிதத்தில் அதற்குச் செலவு ஒன்றுமில்லை. கதையின் போக்கை அவர் திரிக்கவில்லை, ஆனால் அந்தக் கதை ஆசைப்பட்டும் ஆக முடியாமல் போனதை ஆக்கிக் காட்டிவிட்டார். நீ செய்யப் போகும் வேலையும் இதுதான் மாப்ளே. எழுதிய ஆளின் மனதில் என்ன இருந்தது, கேமராவில் எது தவறிப்போனது என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். இதற்குக் கற்பனை வேண்டாம் என்று யார் சொன்னது?

இன்னொரு இடம். பூமியை டாலெக்குகள் என்ற எந்திரப் பகைவர்கள் பிடித்துவிட்ட கதை, டெரி நேஷன் எழுதியது, 1964-இல் வந்தது. பாழடைந்த லண்டனில் அடிமையாக்கப்பட்ட ஒருவன் தள்ளாடி வந்து தேம்ஸ் நதியில் விழுந்து சாவதுதான் முதல் காட்சி. 1977-இல் இதை நாவலாக எழுதியபோது டிக்ஸ் எடுத்த எடுப்பிலேயே, சிதைந்த நகரத்தின் ஊடே சிதைந்த ஒரு மனிதன் நடந்து போனான் என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதினார். நகரத்தின் கதியும் மனிதனின் கதியும் அதிலேயே வந்துவிட்டன. பத்து வயதுப் பிள்ளைக்கு அதில் புரியாதது எதுவும் இல்லை. இங்கே ஐம்பது வயதைத் தாண்டிய எத்தனையோ பேருக்கு அந்த வரி மனப்பாடம்.

எல்லாமே அந்தத் தரம் என்று சொல்ல மாட்டேன். மாதம் ஒன்று எழுதிய காலத்துப் புத்தகங்கள் சில வெறும் ஸ்கிரிப்டுக்கு நடுவே "என்றான்", "என்றாள்" போட்டது போல இருக்கின்றன. வர்ணனைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்தப் போலீஸ் பெட்டி இறங்கும்போது எழும் முக்கலும் முனகலுமான சத்தம் புத்தகத்துக்குப் புத்தகம் அதே சொற்களில் வரும். ஹல்க்கும் டார்கெட்டுக்கு எழுதினார். வேற்றினத்தாரின் பக்கத்து நியாயத்தை உள்ளே புகுந்து சொல்வதில் டிக்ஸைவிட ஹல்க் ஆழமானவர் என்பது என் எண்ணம். ஆனால் ஹல்க் எழுதியது ஏழு. 1979-இல் இறந்தும் போனார். வேறு சிலர் மூலக்கதையைத் தர மறுத்தார்கள். அந்தத் தொடருக்குக் கதைகள் எழுதிய டக்ளஸ் ஆடம்ஸ், பதிப்பகம் கொடுத்த சம்பளத்துக்குத் தன் கதைகளை இன்னொருவர் நாவலாக்க விடவில்லை, அவை அவர் காலத்துக்குப் பிறகு இந்த நூற்றாண்டில்தான் புத்தகமாயின. அதில் தப்பும் இல்லை. ஆனால் நூலக அலமாரியில் ஒரு புத்தகத்தை முடித்துவிட்டு அடுத்தது எங்கே என்று தேடிய பிள்ளைக்கு, அடுத்தது எப்போதும் இருந்தது. அதற்குக் காரணம் டிக்ஸ். படிக்கவே பிடிக்காத பையன்கள் வாசிக்கக் கற்றது அவர் புத்தகத்தில்தான் என்று இங்கே பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் பையனும் இப்போது அந்தக் கூட்டத்தில் ஒருவன். எட்டு மணிக்கு விளக்கை அணைக்கச் சொன்னால் அத்தியாயம் முடியட்டும் என்கிறான்.

உன் தன்மானக் கேள்விக்கு வருகிறேன். டிக்ஸுக்கும் அது நிறைய உண்டு. 1976-இல் ஒளிபரப்பான ஒரு கதையை, அவர் ஊரில் இல்லாதபோது, அப்போதைய ஸ்கிரிப்ட் எடிட்டர் ஹோம்ஸ் பெரிய அளவில் மாற்றிவிட்டார். டிக்ஸ் மூலத்தில் ஒரு ரோபோ இருந்தது, அதைத் தயாரிக்கச் செலவு கட்டாது என்று பைத்தியக்கார விஞ்ஞானி ஒருவரைப் போட்டார். டிக்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. என் பெயரை எடுத்துவிட்டு ஏதாவது சப்பென்ற பெயரைப் போடுங்கள் என்றார். ராபின் பிளாண்ட் என்ற பெயரில் அது வெளியானது. நான் வியந்தது அடுத்து நடந்ததைத்தான். மறு வருஷம் அந்தக் கதையை நாவலாக எழுதியவரும் டிக்ஸ்தான், தன் சொந்தப் பெயரில். அதில் தன் ரோபோவைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. பிள்ளைகள் திரையில் பார்த்த அந்த விஞ்ஞானியையே மனசாரப் பயங்கரமாக எழுதினார். ஹோம்ஸோடு நட்பும் தொடர்ந்தது.

சொந்தக் கற்பனை வற்றிப்போகும் என்றும் பயப்படாதே. சிறுவர்களுக்காக அவர் தனியாக எழுதிய புத்தகங்கள் ஏராளம். எண்பதுகளில் பிபிசியின் ஞாயிற்றுக்கிழமை செவ்வியல் நாடகங்களைத் தயாரித்தார், டிக்கன்ஸ் நாவல்கள் அவர் கையால் திரைக்கு வந்தன. அந்த டாக்டர் ஹூ தொடர் 1989-இல் நின்றுபோன பிறகு, அதே பாத்திரத்தை வைத்துப் புதிய கதைகள் எழுத வாய்ப்பு வந்தது. போரில் நாஜிகள் ஜெயித்த 1951 லண்டனில் டாக்டர் வந்து இறங்குவதாக 1991-இல் ஒரு நாவல் எழுதினார். எனக்கு அவருடைய புத்தகங்களில் அதுதான் மிகவும் பிடித்தது. இருபது வருஷம் மற்றவர்களின் கதைகளைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்த கை அதில் தெரிகிறது. 2019 ஆகஸ்டில் 84 வயதில் இறந்தார். அவருடைய கடைசிச் சிறுகதை அந்த அக்டோபரில் ஒரு தொகுப்பில் வெளியானது.

டாக்டர் ஒருபோதும் கொடுமை செய்ய மாட்டார், கோழையாக மாட்டார், விட்டுக்கொடுக்கவும் மாட்டார் என்று எழுபதுகளில் ஒரு சின்ன வழிகாட்டிப் புத்தகத்தில் எழுதியிருந்தார். 2013-இல் தொடரின் ஐம்பதாம் ஆண்டுக் கதையில் அந்தச் சொற்கள் டாக்டர் எடுத்துக்கொண்ட சத்தியமாகவே திரையில் ஒலித்தன. எழுதிய ஸ்டீவன் மோஃபட்டும், 2005-இல் தொடரைத் திரும்பக் கொண்டுவந்த ரஸ்ஸல் டி டேவிஸும் டார்கெட் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்கள். 2018-இல் அதே டார்கெட் முத்திரையோடு இருவரும் தங்கள் கதைகளைத் தாங்களே நாவலாக எழுதினார்கள். தொலைக்காட்சியிலிருந்து புத்தகத்துக்குப் போனது, இப்படித் திரும்பித் தொலைக்காட்சிக்கே வந்திருக்கிறது.

ஆகவே ஒப்புக்கொள். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டு வாங்கு. அட்டையில் உன் பெயர் தெளிவாக இருக்க வேண்டும், டிக்ஸ் பெயர் எல்லா அட்டையிலும் இருந்தது. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் கணக்கு முடிக்கப் பார்ப்பார்கள். விற்பனையில் பங்கு கேள், மறுபதிப்புக்கும் சேர்த்துக் கேள். மூலக்கதை எழுதியவருக்கும் பங்கு போகிறதா என்று விசாரி, அது உன் நிம்மதிக்கு. எடுத்து முடித்த காட்சியை மட்டும் காட்டாமல் முழு ஸ்கிரிப்டையும் தரச் சொல், வெட்டி எறிந்த பக்கங்கள் உட்பட. உனக்கு வேண்டிய சரக்கு அங்கேதான் கிடக்கும். மாதம் ஒன்று என்று கெடு வைத்தால் மட்டும் சம்மதிக்காதே.

தை மாதம் ஊருக்கு வருவதாக இருக்கிறோம், டிக்கெட் இன்னும் போடவில்லை. அந்த முதல் நாவலையும் 1991 நாவலையும் உனக்காகப் பழைய புத்தகக் கடையில் தேடிப் பிடித்து வைத்திருக்கிறேன், கொண்டுவருகிறேன். அதற்குள் முதல் அத்தியாயம் எழுதியிருந்தால் எனக்கு அனுப்பு. பையனுக்கு உரக்கப் படித்துக் காட்டி, அவன் எந்த இடத்தில் நெளிகிறான் என்று பார்த்து எழுதுகிறேன். அம்மாவை நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழன்