கியர் பெட்டியைக் கழற்றுவதற்கு முன் ஒயில் பானைக் கழற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அனுமதித்த பின்னரும் வரியோடு சேர்ந்த விலை மலையகத்து மரக்கறி வியாபாரிக்கோ சிறு தேயிலைத் தோட்டக்காரருக்கோ எட்டுவதாக இல்லை. ஆகவே முப்பது வருடம் பழகிய ஹைலக்ஸ், டட்சன், எல் 200 கெப் வாகனங்களே ராகலையிலிருந்தும் கந்தப்பளையிலிருந்தும் லீக்ஸ், கரட் மூடைகளோடு இன்றும் இறங்கிக்கொண்டிருக்கின்றன. இவற்றுள் தன்னியக்க கியர் கொண்டது கொஞ்சம் முரண்டு பிடித்தாலே உரிமையாளருக்குக் கிடைக்கும் பதில், கியர் பெட்டி முடிந்துவிட்டது, ரீகண்டிஷன் பெட்டி போட வேண்டும் என்பதுதான். தலவாக்கலைப் பகுதியில் நீண்ட காலம் இத்தகைய வாகனங்களைத் திருத்தியவன் என்ற முறையில், அந்தப் பதிலை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்று தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன். மாற்றிப் போடப்படும் பெட்டி எந்த வாகனத்தில் எவ்வளவு காலம் ஓடியது என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

முதலில் பார்க்க வேண்டியது தன்னியக்க கியர் பெட்டிக்குரிய ஏ.டி.எஃப். ஒயிலின் அளவு. இது எஞ்சின் ஒயிலைப் போல எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்ப்பதன்று. வாகனம் சிறிது தூரம் ஓடிச் சூடேறிய பின், சமதரையில் நிறுத்தி, எஞ்சின் இயங்கிக்கொண்டிருக்க, பிரேக்கை அழுத்தியபடி கியர்த் தண்டை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்தி, டொயோட்டாவாயின் 'பி' (பார்க்) நிலைக்கும் பழைய மிட்சுபிஷியாயின் 'என்' (நியூட்ரல்) நிலைக்கும் கொண்டுவந்து, அதன் பிறகே அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவ வேண்டும். நம் பகுதியில் சமதரை தேடுவதே ஒரு வேலைதான். ஆனாலும் சாய்வில் நின்று பார்த்த அளவை நம்பி ஒயில் ஊற்றுவதைவிட, மைதான ஓரம் வரை வாகனத்தைக் கொண்டுபோவது நல்லது. ஒயில் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சி, அழுத்தம் விழுந்து, பெட்டிக்குள் இருக்கும் கிளச் தட்டுகள் சறுக்கும் என்பது பலருக்கும் தெரியும். கூடினாலும் அதே சறுக்கல்தான் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சுழலும் பாகங்கள் ஒயிலைக் கடைந்து நுரையாக்கிவிடுகின்றன; நுரையால் அழுத்தத்தைத் தாங்க முடியாது.

எந்த ஒயில் என்பதும் அளவுக்கு இணையாக முக்கியமானது. பழைய டொயோட்டாவின் டிப்ஸ்டிக்கிலேயே டெக்ஸ்ரோன் 2 என்று பொறிக்கப்பட்டிருக்கும். பிந்திய வாகனங்களுக்கு டைப் டி-4, மிட்சுபிஷிக்கு எஸ்.பி. வகை, நிசானுக்கு மெட்டிக் டி என ஒவ்வொன்றுக்கும் உரியது வேறு. சிவப்பாக இருந்தால் எல்லாம் ஒன்றே என்று எண்ணி ஊற்றுவதால், கியர் மாறும் வேளையில் உலுக்கலும் தாமதமும் ஏற்படுகின்றன.

டிப்ஸ்டிக்கில் வந்த துளியை வெள்ளைத் துணியில் தடவிப் பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். தெளிந்த சிவப்பு நல்லது. கபில நிறமும் தீய்ந்த வாடையும் கிளச் தட்டுகள் சூடேறியதைக் காட்டும். இளஞ்சிவப்புப் பால் போலத் தெரிந்தால் ரேடியேட்டரின் கீழ்த் தொட்டிக்குள் இருக்கும் ஒயில் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வாகனத்தை ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போவதும் கூடாது.

பழைய ஒயிலை மாற்றினால் கியர் பெட்டி செத்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஏற்கனவே சறுக்கத் தொடங்கிய பெட்டிக்குக் கடைசி நேரத்தில் ஒயில் மாற்றுகிறார்கள், அது நின்றதும் பழி புதிய ஒயிலின் மேல் விழுகிறது என்பதே என் எண்ணம். பெட்டியின் அடியிலுள்ள ஒயில் தட்டான பானைத் திறந்து வடிக்கும்போது வெளியேறுவது ஒரு பகுதி மட்டுமே. மீதி, எஞ்சினின் சக்தியை ஒயில் வழியே கியர் பெட்டிக்குக் கடத்தும் டோர்க் கன்வேட்டருக்குள் தங்கிவிடும். ஆகவே அழுத்தம் கொடுத்துக் கழுவும் இயந்திரத்தை நாடாமல், வடித்து நிரப்பி, சில வாரம் ஓட்டி, மறுபடியும் வடித்து நிரப்புவதையே நான் பரிந்துரைப்பேன்.

அடுத்து, குறை உண்மையில் கியர் பெட்டியில்தானா என்பதைப் பார்க்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சினின் இழுவை அதற்கேற்பக் குறைகிறது. சாரதி எக்ஸிலேட்டரை மேலும் மிதிக்கிறார். மிதி ஆழமாக இருப்பதால் கியர் பெட்டி அடுத்த கியருக்குத் தாமதித்தே செல்கிறது. இதோடு அடைபட்ட எயார் ஃபில்டரும் டீசல் ஃபில்டரும் சேர்ந்துவிட்டால், எல்லாமே கியர் கோளாறு போலத் தோன்றும். பழைய பெட்டிகளில் மிதியின் அளவைக் கியர் பெட்டிக்குத் தெரிவிப்பது த்ரொட்டில் கேபிள். டொயோட்டாவில் எக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்திருக்கையில் கேபிளின் றப்பர் உறை முனைக்கும் அதிலுள்ள சிறு தடுப்புக்கும் இடையே 0 முதல் 1 மில்லிமீற்றர் இடைவெளி மட்டுமே இருக்க வேண்டும். அது தளர்ந்திருந்தால் கியர் முந்தி மாறும், அழுத்தமும் குறைந்து தட்டுகள் சறுக்கித் தேயும். இறுகியிருந்தால் பிந்தி, உலுக்கலோடு மாறும். ஒரு ஸ்பேனரும் சிறிது பொறுமையும் போதுமான இவ்வேலைக்காகப் பெட்டியையே இறக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மின்சாரக் கட்டுப்பாடு உள்ள பெட்டிகள் தங்கள் நோயைத் தாங்களே சொல்லிவிடுகின்றன. டொயோட்டாவில் 'ஓ.டி. ஓஃப்' (ஓவர்டிரைவ் எனும் நான்காம் கியர் அணைக்கப்பட்டதைக் காட்டும்) விளக்கு கண்சிமிட்டத் தொடங்கினால், எஞ்சின் பகுதியிலுள்ள சோதனைப் பெட்டியில் டி.ஈ.1, ஈ.1 என்ற இரு முனைகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்து, விளக்கு மின்னும் முறையை எண்ணலாம். 42, 61 என வந்தால் வேக உணரி. 62, 63 என வந்தால் ஒயில் பாதையை மின்சாரத்தால் திறந்து மூடும் சொலனொய்ட். 64 என்றால் கன்வேட்டரை எஞ்சினோடு நேராகப் பூட்டும் லொக்-அப் சொலனொய்ட். இவற்றின் வயரும் இணைப்பும் மழையிலும் சேற்றிலும் துருப்பிடிப்பது நம் பாதைகளில் இயல்பு. உணரி மாற்றும் செலவையும் பெட்டி மாற்றும் செலவையும் ஒப்பிட வேண்டியதில்லை.

'என்' நிலையிலிருந்து 'டி' நிலைக்குப் போட்டதும் வாகனம் பிடிக்க எடுக்கும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். டொயோட்டாவின் கணக்குப்படி அது 1.2 செக்கனுக்கும், பின்னோக்கிச் செல்ல 1.5 செக்கனுக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஜனவரிப் பனியில் காலையில் மட்டும் தாமதித்து, சூடேறியதும் சரியாகிவிட்டால் பெரும்பாலும் இறுகிப்போன றப்பர் சீல்களே காரணம். அவற்றை அவசரமின்றி மாற்றலாம். சூடேறிய பின் தாமதம் கூடினால் பம்பும் தட்டுகளும் தேய்ந்திருக்கலாம், அது கவலைக்குரியது. கம்பளைக்கும் பேராதனைக்கும் இடையிலான சமதரைப் பாதையில் ஒரே வேகத்தில் செல்லும்போது மெல்லிய நடுக்கம் தோன்றி, எக்ஸிலேட்டரை விடாமலே பிரேக்கை இலேசாகத் தொட்டதும் அது நின்றுவிட்டால், நடுங்குவது டோர்க் கன்வேட்டரின் லொக்-அப்; எஞ்சினைக் குறை சொல்ல வேண்டாம்.

ஏ.டி.எஃப். ஒயிலைக் கொல்வது சூடு. ஏற்றத்தில் பாரத்தோடு மெதுவாக ஏறும்போது கன்வேட்டர் லொக்-அப் ஆவதில்லை. எஞ்சினின் உழைப்பில் ஒரு பகுதி ஒயிலைச் சூடாக்குவதிலேயே போய்விடுகிறது. ஹட்டன் நகர நெரிசலில் ஏற்றத்தில் நிற்கும் வாகனத்தைப் பிரேக்கால் நிறுத்தாமல் எக்ஸிலேட்டரால் தாங்கிப் பிடிக்கும் பழக்கமும் அதே அழிவைச் செய்கிறது. ஏறும்போது 'ஓ.டி.' பொத்தானை அணைத்துவிட்டால் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கியர் தடுமாறாது. இறங்கும்போது, குறிப்பாக இறம்பொடைச் சரிவிலும் நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையிலும், தாழ் கியர்களான '2' அல்லது 'எல்' நிலையைப் பயன்படுத்தினால் பெட்டி கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. மெதுவாகச் செல்கையிலேயே அந்நிலைக்கு மாற்றிக்கொண்டால் பெட்டிக்கு எதுவும் ஆகாது. 'டி'யிலேயே இறங்கினால் பிரேக்தான் சூடேறிக் கைவிடும்.

நின்றுபோன வாகனத்தைக் கயிற்றில் கட்டி மலையிறக்குவதும் பெட்டிக்கு எமனாகிறது. எஞ்சின் ஓடாதபோது ஒயில் பம்ப் சுழல்வதில்லை; பின் சக்கரங்கள் உருளும்போது பெட்டியின் உட்பாகங்கள் ஒயிலின்றி உராய்கின்றன. பின் சக்கரங்களைத் தூக்கியோ, கியர் பெட்டியைப் பின் சக்கரங்களோடு இணைக்கும் புரொப்பெலர் சாஃப்டைக் கழற்றியோ இழுக்க வேண்டும். நாற்சக்கர இழுவை உள்ளவற்றை லொறியில் ஏற்றிவிடுவதே நல்லது.

எனவே உரிமையாளர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: கியர் பெட்டியைக் கழற்றச் சம்மதிக்கும் முன், ஒயில் பானை உங்கள் கண்முன்னே திறந்து காட்டச் சொல்லுங்கள். பானின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வயதின் தேய்மானம் மட்டுமே. அதற்காக இலட்சக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். உலோகச் சில்லுகளோ கிளச் தட்டின் கருந்துண்டுகளோ கிடந்தால் பெட்டியைக் கழற்றத்தான் வேண்டும். அப்படிக் கழற்றினால், டோர்க் கன்வேட்டரையும் மாற்றி, கூலரையும் அதன் குழாய்களையும் முழுமையாகக் கழுவி, எழுத்தில் உத்தரவாதம் தரும்படி கராஜிடம் கேளுங்கள். பழைய சில்லுகள் குழாயில் தங்கிவிட்டால் புதிதாகப் போட்ட பெட்டியும் அவற்றையே விழுங்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாகனத் திருத்துநர் ஒருவர்,
தலவாக்கலை.